சேலா

இருட்டுமுன் காட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று
போர்டு எதுவும் இல்லை. எல்லோரும் தாண்டிவிடுவார்கள்.
இன்று என்னால் முடியவில்லை.
நாட்றாம்பாளையத்துக்கு அப்பால் ஒரு பிள்ளைக்கு ஊசி போட
அதன் அப்பன் ராகிக் கொல்லையிலிருந்து வரவேண்டியிருந்தது.
அவன் வந்த பிறகு
அவனுடைய அம்மா சரி சொல்ல வேண்டியிருந்தது.

அஞ்செட்டி தாண்டும்போதே மணி ஆறே முக்கால்.
காலடியில் தடுப்பூசிப் பெட்டி,
உருகிய ஐஸ் ஒவ்வொரு வளைவிலும் களக் களக் என்றது.
சீட்டுக்கு அடியில் எசேக்கியேல் அண்ணன் கொடுத்த ஜாமீன் பத்திரம்.
நாளை பத்து மணிக்குள் கையெழுத்து.
நான்கு லட்சம்.
பெனினாளின் காலேஜ் ஃபீஸும் அதே நான்கு லட்சத்துக்குள்தான் இருக்கிறது.

காலையில் வேதத்தைத் திறந்தது பதில் கேட்டுத்தான்.
போடு, இல்லை போடாதே.
இரண்டில் ஒன்று போதும், விளக்கம்கூட வேண்டாம் என்றேன்.
வரிசைப்படி வாசிக்கிறவள் நான். இன்று நாற்பத்தாறு.
மலைகள் கடலுக்குள் சாய்கிற சங்கீதம்.
எங்கள் மலைகளுக்குக் கடல் எந்தத் திசை என்றே தெரியாது.
ஜாமீனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
மூன்று இடத்தில் சேலா இருந்தது, அவ்வளவுதான்.

சேலாவைச் சபையில் யாரும் வாசிப்பதில்லை.
செயலர் தேவஇரக்கம் ஒருமுறை வாய் தவறி வாசித்துவிட்டு
தொண்டையைச் செருமிக்கொண்டார்.
அர்த்தம் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம்.
மேடு பள்ளம் போல நாக்கு தன்னால் தாண்டிவிடும்.

வசனம் காலுக்குத் தீபம் என்று பாடினவர்
ஸ்கூட்டர் ஓட்டியிருக்க மாட்டார் என்று நினைத்தபடி வந்தேன்.
என் லைட் பத்தடிக்கு மேல் காட்டாது.
ஆனாலும் பத்தடி போனால் அடுத்த பத்தடி வந்தது.
அப்படியேதான் பதினோரு வருஷமாக இந்த ரோட்டில் வேலை.

மூன்றாவது கொண்டை ஊசியில்
எதிரே ஒரு பைக். ஓரமாக, அணைந்து கிடந்தது.
பக்கத்தில் பால்கேனோடு ஒருவர்.
முகம் தெரியவில்லை, குரல் மட்டும்:
"லைட் ஆஃப் மாடம்மா. ஆனே ஐதே. நில்லு."

நில்லு.
அது கன்னடமா தமிழா என்று பிரிக்க முடியாத சொல்.
லைட்டை அணைத்தேன். வண்டியையும்.

இருந்த பத்தடியும் போயிற்று.

முதலில் மூங்கில் முறிகிற சத்தம். பிறகு வாசம்,
ஈரச் சாணமும் புளித்த கஞ்சியும் கலந்த மாதிரி.
தாவீதுக்குச் சிங்கம் தெரியும், கரடி தெரியும்.
யானையை அவர் எங்கும் பாடவில்லை.
பின் நான் எதைச் சொல்லி ஜெபிப்பது?
மேய்ப்பரைச் சொல்ல வாய் எடுத்தால் பல் தந்தியடித்தது.
பால்காரர் தன்பாட்டுக்கு மாதேஸ்வரா, மாதேஸ்வரா என்றார்.
இருவரும் ஒரே மரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

இருட்டைவிடக் கறுப்பாக ஏதோ ரோட்டைக் கடந்தது.
பிறகு ஒன்று.
பிறகு சின்னதாக ஒன்று, அவசரமில்லாமல்.
எவ்வளவு நேரமோ. பெட்டியில் ஐஸ்கூடச் சத்தமில்லை.
போடு, போடாதே இரண்டும்
எனக்குள் எங்கே போயின என்று தெரியவில்லை.
அந்த இடத்தில் மூச்சு மட்டும் இருந்தது.
அது என்னுடையதா என்றும் சந்தேகம்.

காலையில் மூன்று முறை தாண்டிப்போன சொல்
அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
"ஏனம்மா?" என்றார் பால்காரர்.
"ஒன்றுமில்லை."

கோட்டை டீக்கடை வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தி
அண்ணனுக்குப் போன் போட்டேன்.
நாளை பத்து மணிக்கு என்னை எதிர்பார்க்காதே,
ஞாயிறு வருகிறேன், அண்ணி இருக்கும்போது உட்கார்ந்து பேசலாம் என்றேன்.
அவன் ஒரு நிமிடம் பேசவில்லை.
கோபமா, அவனும் எங்காவது
லைட்டை அணைத்துவிட்டு நிற்கிறானா, தெரியாது.

பெட்டியை ஃபிரிட்ஜ் பக்கம் வைத்துவிட்டு
கையைக்கூடக் கழுவாமல் நாற்பத்தேழைப் புரட்டினேன்.
கைதட்டுகிற சங்கீதம்.
நடுவில் ஒரே ஒரு சேலா.